லாக் கோப்பில் பிழைக் குறியீடுகளை எண்ணுதல்: எதிலும் சேராத வரிகளுக்கும் ஒரு கணக்கு

ஒரு வெப் சர்வரின் அணுகல் லாக்கை, அதாவது வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது ஒரு வரி எழுதும் கோப்பைப் படித்து, எந்தப் பிழைக் குறியீடு எந்த மணி நேரத்தில் எத்தனை முறை வந்தது என்று நாள்தோறும் அறிக்கை தரும் ஷெல் ஸ்கிரிப்ட் இப்போது நம்பும்படியாக ஓடுகிறது. நம்பும்படி என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். குறியீடுவாரியாக வந்த எண்ணிக்கைகளையும், எந்தக் குறியீட்டிலும் அடங்காத வரிகளின் எண்ணிக்கையையும் கூட்டினால், படித்த கோப்புகளின் மொத்த வரி எண்ணிக்கை பிசகாமல் வர வேண்டும். வேலையைத் தொடங்கியபோது இப்படி ஒரு அளவுகோல் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே இடறியது, எதை மாற்றினேன் என்பதை வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

செலவு எதுவும் இல்லை. லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் 'கிரெப்', 'சார்ட்', 'யூனிக்', 'ஆக்', 'இசட்கேட்', 'டபிள்யூசி' ஆகியவையே கருவிகள். லாக் பகுப்பாய்வுக்கென்று தனி மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை நிறுவி, லாக்குகளை அங்கே அனுப்பி, அதற்கு இடமும் நினைவகமும் ஒதுக்கும் அளவுக்கு என் கேள்வி பெரியதல்ல. நேற்று எத்தனை 404 (கேட்ட பக்கம் இல்லை), எத்தனை 502 (பின்னால் இருக்கும் செயலியிடமிருந்து சரியான பதில் இல்லை), எந்த நேரத்தில் என்பதே கேள்வி. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு ஊட்டும் ஒரு பைப் வரிசையால் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது என்று நினைத்தேன்; அந்த நினைப்பு தவறவில்லை, ஆனால் பைப்புக்குள் என்ன போகிறது என்பதில்தான் வேலை முழுவதும் இருந்தது.

அணுகல் லாக்கின் ஒரு வரி இப்படி இருக்கும். கோப்பில் ஆங்கில எழுத்தில் உள்ள சொற்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன்.

203.0.113.7 - - [10/அக்/2024:13:55:36 +0000] "கெட் /சின்னம் எச்டிடிபி/1.1" 200 502 "-" "உலாவி"

கேட்டவரின் ஐபி முகவரி, நேரம், மேற்கோள் குறிக்குள் கோரிக்கை, அதன்பின் மூன்று இலக்க நிலைக் குறியீடு, அனுப்பிய பைட்டுகளின் அளவு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது, எந்த உலாவி என்பது என இந்த வரிசை அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய இரண்டு வெப் சர்வர் மென்பொருள்களிலும் பரவலாகப் புழங்கும் 'கம்பைண்டு' வடிவம்.

முதல் முயற்சி எல்லோரும் செய்வதுதான். 'கிரெப்' கட்டளைக்கு 'சி' ஆப்ஷன் கொடுத்து, இருபுறமும் இடைவெளி விட்ட 502 என்ற எண்ணைத் தேடச் சொன்னேன். இடைவெளி விட்டால் முகவரியிலோ பக்கப் பெயரிலோ ஒட்டியிருக்கும் 502 சிக்காது என்பது என் எண்ணம். வந்த எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தது. கூட்டம் அதிகமான நேரங்களில் அது இன்னும் ஏறியது. பின்னால் இருக்கும் செயலி சுமை தாங்காமல் விழுகிறது என்ற முடிவுக்கு அந்த எண்கள் நேராக இழுத்துச் சென்றன. செயலியின் பக்கம் போவதற்கு முன், 'சி' ஆப்ஷனை எடுத்துவிட்டுப் பொருந்திய வரிகளையே திரையில் பார்த்தேன். பெரும்பாலானவை மேலே காட்டிய வரியைப் போன்றவை. நிலைக் குறியீடு 200, அதாவது எல்லாம் சரி. அடுத்து நிற்கும் 502 என்பது அந்தச் சிறு சின்னப் படத்தின் பைட் அளவு. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் படம் இருந்ததால், பார்வையாளர் கூடக் கூட இந்தப் பொய்யான 502-உம் கூடியது. அளவுக்குப் பின்னால் மேலும் இரண்டு புலங்கள் வருவதால் அதற்கும் இருபுறமும் இடைவெளி உண்டு. எனவே நான் வைத்த வேலி இங்கே பயன்படவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எண்ணப்பட்ட வரிகளில் ஒரு பிடியையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இங்கிருந்து வந்தது.

அடுத்த கட்டம், புலங்களாகப் பிரிப்பது. 'ஆக்' ஒவ்வொரு வரியையும் இடைவெளியில் வெட்டி $1, $2 என்று எண்ணிட்டுத் தரும். மேலே உள்ள வரியில் தேதியும் நேர மண்டலமும் $4, $5 ஆகின்றன. கோரிக்கையின் மூன்று சொற்கள் $6, $7, $8. நிலைக் குறியீடு $9. எனவே $9-ஐ மட்டும் அச்சிட்டு, 'சார்ட்' வழியாக வரிசைப்படுத்தி, 'யூனிக்' கட்டளையின் 'சி' ஆப்ஷனால் எண்ணி, மறுபடியும் 'சார்ட்' கொண்டு பெரிய எண் மேலே வரும்படி இறங்குவரிசையில் அடுக்கினேன். நடுவில் உள்ள முதல் 'சார்ட்' வீண் என்று தோன்றலாம், வீணல்ல. 'யூனிக்' அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரியான வரிகளை மட்டுமே ஒன்றாக்கும். 404, 200, 404 என்று வந்தால் 404-ஐ இரண்டு தனித்தனி வரிகளாக, தலா ஒன்று என்று காட்டும். கடைசி 'சார்ட்'டுக்கு எண் மதிப்பால் ஒப்பிடும் 'என்' ஆப்ஷனையும் தர வேண்டும். இல்லையென்றால் எழுத்துவரிசைப்படி ஒப்பிடும். இடப்பக்கம் நிரப்பும் வெற்றிடங்களை நம்பியிருப்பது நல்லதல்ல.

இந்தப் பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. 200 மேலே, பிறகு 304, 404, 301 என்று இறங்கி, அடியில் சில விசித்திரமான பதிவுகள். ஒன்று, மேற்கோள் குறிக்குள் ஒரு சிறு கோடு. இன்னொன்று, எச்டிடிபி/1.1 என்ற சொல்லும் அதை ஒட்டி ஒரு மேற்கோள் குறியும். இவை குறியீடுகளே அல்ல. எண்ணிக்கை குறைவு என்பதால் இவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிடும் ஆசை வந்தது. ஒதுக்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை வந்திருக்காது. அந்த வரிகளை எடுத்துப் பார்த்தபோது கிடைத்தவற்றில் இரண்டு:

198.51.100.4 - - [10/அக்/2024:02:11:09 +0000] "-" 408 0 "-" "-"

198.51.100.9 - - [10/அக்/2024:02:14:40 +0000] "\எக்ஸ்16\எக்ஸ்03\எக்ஸ்01" 400 150 "-" "-"

முதல் வரியில், இணைப்பைத் திறந்தவர் கோரிக்கை எதுவும் அனுப்பாமலே இருந்துவிட்டார். காத்திருந்து அலுத்த சர்வர் 408 என்று முடித்துக்கொண்டது. இரண்டாவதில், மறையாக்கம் இல்லாத வாயிலில் யாரோ மறையாக்கத் தொடக்கச் செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். 16, 03, 01 என்ற பதினாறடிமான பைட்டுகள் அதன் தலைப்பு, அதனால் புரியாத கோரிக்கை என்று பொருள்படும் 400. இரண்டிலும் கோரிக்கை மூன்று சொல்லாக இல்லை, ஒரே சொல். எனவே நிலைக் குறியீடு $9-இல் இல்லை, $7-இல் இருக்கிறது. எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. கேட்கும் பக்கத்தின் முகவரிக்குள் வெற்று இடைவெளியோடு வரும் கோரிக்கையில் குறியீடு $10-க்குத் தள்ளப்பட்டு, $9-இல் எச்டிடிபி/1.1 வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதில் என்னை உலுக்கியது எண்ணிக்கை அல்ல, எந்த வரிகள் விடுபட்டன என்பதே. ஒழுங்கான கோரிக்கை ஒழுங்கான வரியைத் தருகிறது. கோணலான கோரிக்கை கோணலான வரியைத் தருகிறது. பிழைக் குறியீடு பெறுவதும் பெரும்பாலும் அந்தக் கோணலான கோரிக்கைதான். ஆகவே ஒழுங்கான வரிக்காக எழுதிய வழிமுறை, நாம் தேடிவந்த வரிகளையே பார்த்துத் தவறவிடுகிறது. பாதிப்பு எல்லாக் குறியீடுகளின் மேலும் சமமாக விழவில்லை. 200-இன் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருந்தது, 400-உம் 408-உம் கிட்டத்தட்டக் காணாமலே போயிருந்தன.

இதே கட்டத்தில் இன்னொரு குழியும் இருந்தது. பிழைகளை மட்டும் எடுக்க, $9 என்பது 400-க்குச் சமம் அல்லது அதிகம் என்ற நிபந்தனையை 'ஆக்'கில் வைத்திருந்தேன். புலத்தில் இருப்பது எண்ணாகத் தெரிந்தால் 'ஆக்' எண்ணாக ஒப்பிடும். எண்ணாகத் தெரியாவிட்டால் இரு பக்கத்தையும் எழுத்துச் சரமாக மாற்றி ஒப்பிடும். எச்டிடிபி என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்து, எழுத்துவரிசையில் 4 என்ற இலக்கத்துக்குப் பின்னால் வருகிறது. எனவே அந்தச் சொல் 400-ஐ விடப் பெரியது என்று தேர்ச்சி பெற்று உள்ளே வந்துவிடும். மேற்கோள் குறியோ இலக்கங்களுக்கு முன்னால் வருவதால் கோடு போட்ட வரிகள் வெளியே நின்றுவிடும். ஒரே நிபந்தனை ஒரு வகைக் குப்பையைப் பிழை என்று சேர்க்கிறது, உண்மையான பிழைகளை வெளியே தள்ளுகிறது, எச்சரிக்கை என்று ஒரு வார்த்தை கூட வருவதில்லை.

மூன்றாம் கட்டத்தில் இடைவெளிக்குப் பதிலாக மேற்கோள் குறியையே பிரிப்பானாக வைத்தேன். அப்போது கோரிக்கை முழுவதும், அதற்குள் எத்தனை சொல் இருந்தாலும், $2 ஆகிவிடும். குறியீடும் அளவும் சேர்ந்து $3 ஆகும். $3-ஐ மறுபடி இடைவெளியில் பிரித்து முதல் துண்டை எடுத்தால் போதும். மேலே காட்டிய மூன்று வகை வரிகளும் இதில் ஒழுங்காக விழுந்தன. என்ஜின்எக்ஸ் மட்டும் இருந்தால் இங்கேயே நின்றிருப்பேன். கோரிக்கைக்குள் மேற்கோள் குறி வந்தால் அது பதினாறடிமான எண்ணாக மாற்றியே எழுதுகிறது, எனவே பிரிப்பான் குழம்பாது. அப்பாச்சி அப்படிச் செய்வதில்லை. மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு மட்டும் சேர்த்து, குறியை அப்படியே விட்டுவிடும். பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி வரும் தானியங்கிக் கோரிக்கைகளில் மேற்கோள் குறி தாராளமாக இருக்கும். அவை வரும்போது $3 என்பது கோரிக்கையின் நடுத்துண்டாகிவிடும்.

ஆகவே பிரிப்பதையே விட்டுவிட்டு, வடிவத்தைப் பொருத்தும் வழிக்கு வந்தேன். ஒரு மேற்கோள் குறி, ஓர் இடைவெளி, 1 முதல் 5 வரை ஓர் இலக்கமும் அடுத்து இரண்டு இலக்கங்களும், ஓர் இடைவெளி, அளவைக் குறிக்கும் இலக்கங்கள் அல்லது ஒரு கோடு, மறுபடி ஓர் இடைவெளி, மறுபடி ஒரு மேற்கோள் குறி. அளவுக்குக் கோட்டையும் அனுமதிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், உள்ளடக்கம் எதுவும் அனுப்பாதபோது அப்பாச்சி 0 என்று எழுதாமல் கோடு போடுவதே. 'ஆக்'கின் 'மேட்ச்' செயற்கூறு இந்த வடிவம் தொடங்கும் இடத்தைத் தருகிறது. அங்கிருந்து இரண்டு எழுத்து தள்ளி மூன்று எழுத்தை எடுத்தால் குறியீடு கிடைக்கிறது.

கோரிக்கைக்குள்ளேயே யாராவது இதே வடிவத்தை எழுதி ஏமாற்ற முடியுமா என்பதையும் சோதித்தேன். மேற்கோள் குறி, 200, 5, மேற்கோள் குறி என்று ஒருவர் பக்க முகவரிக்குள் வைத்தால், அப்பாச்சி இரண்டு குறிகளுக்கு முன்னாலும் பின்சாய்கோடு சேர்க்கும். என் வடிவத்தில் அளவுக்கும் இறுதி மேற்கோள் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி மட்டுமே இருக்கலாம். பின்சாய்கோடு அங்கே நுழைந்ததும் பொருத்தம் உடைந்துவிடுகிறது. கோரிக்கைப் பகுதியைப் பொறுத்தவரை ஏமாற்று வேலைக்கு இடமில்லை.

எந்த வரியில் வடிவம் பொருந்தவில்லையோ, அந்த வரியை 'சேராதவை' என்ற தனிக் கணக்கில் ஏற்றி, வரியை அப்படியே இன்னொரு கோப்பில் எழுதிவைக்கும் ஏற்பாட்டையும் இப்போதுதான் செய்தேன். அறிக்கையின் அடியில் மூன்று எண்கள்: குறியீடு கிடைத்த வரிகள், சேராத வரிகள், மொத்தம். மொத்தத்தை அதே 'ஆக்' ஓட்டத்தில் எடுக்காமல், தனியாக 'டபிள்யூசி' கொண்டு எண்ணினேன். ஒரே கருவி தன்னையே சரிபார்த்துக்கொள்வதில் பயனில்லை. 'டபிள்யூசி' எண்ணுவது வரிமுடிவுக் குறிகளை. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பின் கடைசி வரி பாதியில் நின்றால் அதை 'டபிள்யூசி' சேர்க்காது, 'ஆக்' சேர்க்கும். இன்றைய கோப்பைத் தொடும்போது கணக்கில் ஒன்று இடித்தால் அதுதான் காரணம்.

இந்த ஏற்பாடு உடனே கைகொடுத்தது. என் கணினியில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டை சர்வரில் ஏற்றியபோது, எல்லா வரியும் சேராதவையில் விழுந்தன. ஒரு குறியீடு கூடக் கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் 'ஆக்' என்றே அழைத்தாலும், என்னிடம் இருந்தது க்னூ திட்டத்தின் 'காக்', சர்வரில் இருந்தது 'மாக்'. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழி வந்த பல அமைப்புகளில் இயல்பாக வருவது 'மாக்'தான். இரண்டு இலக்கம் என்பதை இலக்கத் தொகுதிக்குப் பின் நெளிவு அடைப்புக்குறிக்குள் 2 என்று எழுதியிருந்தேன். பழைய 'மாக்' பதிப்புகள் அந்தக் குறியீட்டை எண்ணிக்கையாகப் புரிந்துகொள்வதில்லை. அடைப்புக்குறியையே தேட வேண்டிய எழுத்தாக எடுத்துக்கொள்கின்றன. பிழைச் செய்தி வராது, பொருத்தமும் வராது. இலக்கத் தொகுதியையே இரண்டு முறை அடுத்தடுத்து எழுதியதும் எல்லா இடத்திலும் ஓடியது. சேராதவை என்ற கணக்கு இல்லாதிருந்தால், பிழை பூஜ்யம் என்ற நல்ல செய்தியோடு வெற்று அறிக்கை வந்திருக்கும்.

பழைய லாக்குகளுக்குப் போனபோது இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியிருந்தன. லாக் கோப்பைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒதுக்கிவிட்டுப் புதிதைத் தொடங்கும் 'லாக்ரொடேட்' சுழற்றிய கோப்புகளில் அண்மையது அப்படியே இருக்கும், அதற்கு முந்தியவை ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். 'இசட்கேட்' கட்டளைக்கு 'எஃப்' ஆப்ஷன் கொடுத்தால், சுருக்கியதை விரித்தும் சுருக்காததை உள்ளபடியும் தரும். இரண்டு வகைக்கும் தனித்தனி வழி எழுத வேண்டியதில்லை. இரண்டாவது விஷயம் நாளின் எல்லை. கோப்பு மாறுவது நள்ளிரவில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது கிரான்; டெபியனில் அதன் அட்டவணையில் நாள்வேலைகளுக்கு இயல்பாகக் குறித்திருக்கும் நேரம் காலை 6:25. அப்படிச் சுழலும் கோப்பில் நேற்றின் பெரும்பகுதியும் இன்றின் விடிகாலையும் கலந்திருக்கும். எனவே கோப்பின் பெயரை நம்பாமல், எல்லாக் கோப்புகளையும் படித்து, ஒவ்வொரு வரியின் தேதியையும் பார்த்தே நாளைத் தீர்மானிக்கிறேன். சுருக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஸ்கிரிப்டை ஓட்டவும் கூடாது. சுருக்கி முடிக்கும் வரை பழைய கோப்பும் பாதி எழுதிய புதுக் கோப்பும் ஒருசேர இருக்கும். ஒரே வரி இரண்டு முறை எண்ணப்படும்.

மணிவாரியாகப் பிரிக்க, $4-இன் இரண்டாம் எழுத்திலிருந்து 14 எழுத்துகளை எடுத்தால் தேதியும் மணியும் கிடைக்கின்றன. கோரிக்கைக்கு முன்னால் இருக்கும் புலம் என்பதால் மேலே சொன்ன நகர்வு இதைப் பாதிப்பதில்லை. இதையும் குறியீட்டையும் சேர்த்து ஒரு சாவியாக்கி வரிசைப்படுத்தினால், வரிமுடிவோடு சேர்த்து ஒரு வரிக்கு 19 பைட். ஒரு கோடி வரி என்றால் 19 கோடி பைட்டை 'சார்ட்' அடுக்க வேண்டும். நினைவகம் போதாவிட்டால் தற்காலிகக் கோப்புகளை எழுதத் தொடங்கும், சிறிய தற்காலிகப் பகுதி உள்ள சர்வரில் அது நிரம்பியும் விடும். 'ஆக்'கின் சொல்வழி அணியில், அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பெட்டி தரும் பட்டியலில், அதே சாவிக்கு ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், 24 மணிக்கு இருபது வகைக் குறியீடு என்று வைத்தாலும் ஒரு நாளுக்கு 480 பெட்டிகள்தான். வரிகள் எத்தனை கோடி ஆனாலும் பெட்டிகள் கூடுவதில்லை. கடைசியில் அந்த 480 வரிகளை மட்டும் 'சார்ட்'டிடம் தருகிறேன். அணியை 'ஆக்' எந்த வரிசையில் அச்சிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால் அது தேவைப்படுகிறது. எந்தக் கோப்பு முதலில் வந்தாலும் கணக்கு மாறாது என்பது கூடுதல் வசதி.

செயலியின் சொந்த லாக்கிலும் இதே முறையைப் பயன்படுத்தினேன். அங்கே பிழைக் குறியீட்டுடன் ஒரு முதன்மை வரியும், அதன் கீழ் செயற்கூறுகளின் அழைப்புத் தடம் பல வரிகளிலும் வரும். தடத்துக்குள் அதே குறியீடு மறுபடியும் எழுதப்பட்டிருக்கும். தேதியில் தொடங்கும் வரிகளை மட்டும் எண்ணியதும் ஒரு பிழைக்கு ஓர் எண் என்று ஆனது. ஆனால் அந்தக் கோப்பைக் 'கிரெப்'பால் பார்க்கப் போனால், வரிகளைக் காட்டாமல் இது பைனரிக் கோப்பு, பொருத்தம் இருக்கிறது என்று மட்டும் சொன்னது. கோப்பின் தலையில் பூஜ்ய பைட்டுகள் நிறைந்திருந்தன. செயலியின் வெளியீட்டை ஒற்றை > குறியால் கோப்புக்குத் திருப்பியிருந்தார்கள். 'லாக்ரொடேட்'டோ கோப்பை நகலெடுத்துவிட்டு அதே கோப்பை வெறுமையாக்கும் முறையில் இருந்தது. கோப்பு வெறுமையான பின்னும் செயலி தான் முன்பு நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதியதால், இடைப்பட்ட பகுதி பூஜ்ய பைட்டுகளாகத் தெரிந்தது. 'எல்எஸ்' காட்டும் அளவு பெரிதாகவும், வட்டில் உண்மையில் பிடித்த இடத்தை 'டியூ' காட்டும்போது சிறிதாகவும் இருந்தது இதை உறுதிசெய்தது. 'டிஆர்' கட்டளையால் பூஜ்ய பைட்டுகளை நீக்கிப் படித்தேன். நிரந்தரத் தீர்வாக >> குறிக்கு மாற்றச் செய்தேன். அதன்பின் செயலி எப்போதும் கோப்பின் இறுதியிலேயே எழுதுகிறது.

கிரானில் ஏற்றும் கட்டம் சிறியது, ஆனால் ஊசிகள் நிறைந்தது. ஏதாவது கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தேன். 'கிரெப்' எதையும் கண்டுபிடிக்காவிட்டால் வெளியேறும் நிலை 1. ஷெல்லுக்கு அது தோல்வி. ஆகவே 502 ஒன்றுமே இல்லாத நல்ல நாளில் அறிக்கை வராமல் போனது. எண்ணும் வேலை முழுவதையும் 'ஆக்'கிடம் கொடுத்ததும் இது தீர்ந்தது. பைப் வரிசையின் நிலை கடைசிக் கட்டளையின் நிலையே என்பதால், முதலில் நிற்கும் 'இசட்கேட்' உடைந்த கோப்பில் தடுமாறினாலும் வெளியே தெரியாது. 'பைப்ஃபெயில்' அமைப்பை இட்ட பிறகு தெரிகிறது. கிரான் அட்டவணையின் வரிக்குள் % குறி வந்தால், பின்சாய்கோடு இல்லாதபோது அதை வரிமுடிவாக எடுத்துக்கொள்ளும். தேதியை வடிவமைக்க அந்தக் குறி அவசியம். எனவே தேதிக் கணக்கை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, அட்டவணையில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் எழுதினேன்.

தேதி விஷயத்தில் தமிழில் கணினியைப் பயன்படுத்துவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொழி அமைப்பு தமிழாக இருந்தால், மாதத்தின் சுருக்கப் பெயரைத் தரச் சொல்லும்போது 'டேட்' கட்டளை தமிழ்ப் பெயரைத் தரும். லாக்கில் இருப்பதோ எப்போதும் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கம். நேற்றைய தேதியைத் தமிழில் வைத்துக்கொண்டு லாக்கில் தேடினால் ஒரு வரியும் சிக்காது. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மொழி அமைப்பை 'சி' என்ற எளிய ஆங்கில அமைப்பாக நிறுவிவிட்டேன். அதன் பயனாக எழுத்துகளை பைட் மதிப்பால் மட்டும் ஒப்பிட வேண்டியிருப்பதால் 'சார்ட்'டின் வேகமும் கூடியது. கையால் ஓட்டும்போதும் கிரான் ஓட்டும்போதும் ஒரே சூழல் கிடைப்பதே பெரிய நன்மை.

எதை எதோடு சேர்த்து எண்ணுவது என்பதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 4-இல் தொடங்குபவை கேட்டவர் பக்கத்துப் பிழை, 5-இல் தொடங்குபவை சர்வர் பக்கத்துப் பிழை என்ற பிரிவு தரநிலையில் உள்ளது. ஆனால் என்ஜின்எக்ஸ் எழுதும் 499 தரநிலையில் இல்லாத, அதன் சொந்தக் குறியீடு. பதில் வருவதற்குள் கேட்டவர் இணைப்பை மூடிவிட்டார் என்று பொருள். அதை 404-உடன் ஒரே கூட்டில் போட்டால் கேட்டவரின் குறை போலத் தோன்றும். பின்னால் உள்ள செயலி தாமதமாகும்போது காத்திருக்க முடியாமல் போனவர்களே இதில் பெரும்பாலும் இருப்பார்கள் என்பது என் அனுபவம். எனவே அறிக்கையில் 499-ஐ, செயலி உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்று சொல்லும் 504-க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மணியில் சேர்ந்து ஏறுவதைப் பார்க்கும்போது எங்கே தேட வேண்டும் என்பது சட்டென்று தெரிகிறது.

ஸ்கிரிப்டோடு ஒரு சிறு மாதிரிக் கோப்பும் இப்போது இருக்கிறது. ஒழுங்கான வரி, அளவு 502 ஆன 200 வரி, கோரிக்கை இல்லாத 408, மறையாக்கச் செய்தி விழுந்த 400, முகவரிக்குள் இடைவெளி உள்ள வரி, பின்சாய்கோடிட்ட மேற்கோள் குறி உள்ள வரி, அளவுக்குக் கோடு போட்ட 304, வெற்று வரி, பாதியில் அறுந்த கடைசி வரி என ஒவ்வொன்றிலும் ஒன்று. விடை கையால் எண்ணி எழுதிவைத்தது. ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முதலில் இதன் மேல் ஓட்டுகிறேன், 'காக்'கிலும் 'மாக்'கிலும்.

மறுபடி தொடங்குவதானால் வேலையை லாக் எழுதப்படும் இடத்திலேயே தொடங்குவேன். என்ஜின்எக்ஸிலும் அப்பாச்சியிலும் வரியின் வடிவத்தை நாமே வகுக்கலாம். குறியீட்டை முதல் புலமாகவும், ஆண்டு, மாதம், நாள் என்று எண்களாலான நேரத்தை இரண்டாவதாகவும் வைத்து, டேப் எழுத்தால் பிரித்து, கோரிக்கையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும் முன்னால் இருப்பவற்றை அசைக்க முடியாது. முதல் புலத்தை வெட்டி எடுத்து எண்ணும் மூன்று கட்டளைகளே போதும். அப்பாச்சியில் இதைச் செய்பவர்கள் நிலைக் குறியீட்டுக்கான குறியில் > அடையாளத்தைச் சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், உள்ளுக்குள் திசைதிருப்பப்பட்ட கோரிக்கைக்கு இறுதிக் குறியீட்டுக்குப் பதில் முதற்குறியீடு பதிவாகும். இந்தப் புதிய வடிவத்தை இரண்டாவது லாக்காகச் சேர்த்து எழுதச் செய்திருக்கிறேன். பழைய வடிவக் கோப்புகள் சுழற்சியில் கழிந்து தீரும் வரை இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒரு மணியிலாவது அவை வேறுபட்டால், அந்த மணியின் வரிகளை எடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.